பொறுத்துப் போவதும் கேட்டு வாங்குவதும்

சென்னையின் பழைய குடியிருப்புத் தெருக்களில் இரவு பத்து மணிக்கு மேல் பார்த்தால், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இருபக்கமும் இருசக்கர வண்டிகள் வரிசையாக நிற்கும். நடுவில் ஒரு கார் நுழைந்து வெளியேற மட்டும் இடம் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் அந்த இடத்துக்குள் காரை ரிவர்ஸ் எடுக்கிறார். பின்பம்பர் பட்டு, சைடு ஸ்டாண்டில் நின்ற மோட்டார் சைக்கிள் சாய்கிறது. சாய்ந்த பக்கத்துக் கண்ணாடியும் லீவரும் இண்டிகேட்டரும் உடைகின்றன, டேங்க் நசுங்குகிறது. அடி பலமாக இருந்தால் முன்பக்க ஃபோர்க்கே வளைந்துவிடுகிறது. யாருக்கும் காயமில்லை. அடுத்த நாள் காலை வண்டிக்காரர் முன்னால் நிற்கும் கேள்வி, போய் நஷ்ட ஈடு கேட்கலாமா என்பது. சுற்றியிருப்பவர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: விடுங்க, தினமும் முகத்தில் விழிக்கிற ஆள், பொறுத்துப் போனால் புண்ணியம். இந்தப் பதிலில் அறம் குறைவு, பயம் அதிகம் என்று நான் நினைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் நேராகப் போய், நடந்ததைச் சொல்லி, உரிய தொகையை மட்டும் கேட்பது பொறுமைக்கு விரோதமான செயலே இல்லை. பெரும்பாலான சமயங்களில் அதுவே பொறுமையின் முதல் படி. விட்டுக்கொடுக்க நினைப்பவரும் முதலில் கேட்டாக வேண்டும்.

எதிர்வாதத்தை அதன் பலமான இடத்திலேயே சந்திப்பது நல்லது. தமிழில் பொறுமையைப் பற்றிப் பேசினால் திருக்குறளின் பதினாறாம் அதிகாரமான பொறையுடைமையைத் தாண்ட முடியாது. பிறர் வரம்பு மீறிச் செய்ததைப் பொறுக்க வேண்டும், மறந்துவிடுவது அதைவிடச் சிறந்தது என்பதுதான் அந்த அதிகாரத்தின் போக்கு. மறக்கவே சொல்லும்போது கேட்பதற்கு எங்கே இடம் என்று ஒருவர் நியாயமாகவே வாதிடலாம். ஆனால் அந்த அதிகாரம் பொறுமைக்கு எதிரில் எதை நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும். அது எதிரில் நிறுத்துவது ஒறுத்தலை. தீங்கு செய்தவனைத் தண்டித்துக் கிடைக்கும் ஒரு நாள் இன்பத்தை. உடைந்த பொருளைச் சரிசெய்து கொடு என்று கேட்பது ஒறுத்தல் ஆகாது. அதிகார வரிசையையும் கவனிக்க வேண்டும். இல்லற வாழ்க்கைக்குச் சொன்ன அதே பகுதியில், பொறையுடைமைக்கு நான்கு அதிகாரங்கள் முன்னால் நடுவு நிலைமை இருக்கிறது. அதன் கடைசிக் குறள் வணிகருக்குச் சொல்வது போல, பிறர் பொருளையும் தன் பொருள் போலவே பேணச் சொல்கிறது. பொறையுடைமைக்குப் பின்னால், பத்தொன்பதாம் அதிகாரம் புறங்கூறாமை. இந்த மூன்றும் ஒரே இல்லறத்தானுக்குச் சொல்லப்பட்டவை. நஷ்டத்தை வாய்விட்டுக் கேட்காதவர் பெரும்பாலும் சும்மா இருப்பதில்லை. மாடி வீட்டாரிடமும் பால்காரரிடமும் அயர்ன் கடைக்காரரிடமும், இடித்தவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொல்கிறார். பதினாறாம் அதிகாரத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பத்தொன்பதாம் அதிகாரத்தை மீறுவதை எப்படிப் பொறுமை என்று சொல்வது?

தண்டனையும் ஈடும் வேறு வேறு என்பதை மிகத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் அரிஸ்டாட்டில். நிக்கோமாக்கியன் அறவியல் என்ற நூலின் ஐந்தாம் பகுதியில், குலைந்த சமநிலையை மீட்கும் நீதி என்று ஒன்றை அவர் தனியாக வைக்கிறார். அங்கே, நல்லவன் கெட்டவனை ஏமாற்றினானா, கெட்டவன் நல்லவனை ஏமாற்றினானா என்று நீதிபதி பார்ப்பதில்லை. ஒருவர் பக்கத்தில் எவ்வளவு குறைந்தது என்று மட்டுமே பார்த்து, அந்தக் குறையை நிரப்புகிறார். ஆளின் குணத்தை எடை போடுவது அந்த நீதியின் வேலை இல்லை. இது பக்கத்து வீட்டு விஷயத்துக்கு மிகவும் பொருந்தும். நஷ்ட ஈடு கேட்டால் அவரைக் கெட்டவர் என்று சொன்னதாக ஆகிவிடுமோ என்ற கூச்சம்தான் பலரைத் தடுக்கிறது. அப்படி ஆகாது. அவர் நல்லவராகவே இருக்கலாம், நம் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றவராகவும் இருக்கலாம். லீவர் உடைந்தது உடைந்ததுதான். குணத்தையும் கணக்கையும் பிரித்து வைக்கத் தெரிந்தவருக்கே கோபமில்லாமல் கேட்க முடியும்.

வேண்டுமென்று செய்யவில்லையே என்பது அடுத்த எதிர்வாதம். இதற்குத் திருவாரூரில் ஒரு பழைய விடை உண்டு. பெரியபுராணத்தில் சேக்கிழார் திருநகரச் சிறப்பைச் சொல்லும்போது மனுநீதிச் சோழனின் கதையைச் சொல்கிறார். இளவரசன் தேரில் போகும்போது பசுங்கன்று எதிர்பாராமல் ஓடிவந்து சக்கரத்தில் சிக்கி இறக்கிறது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. கதையும் அதை மறைக்கவில்லை. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. அமைச்சர்கள் அரசனுக்குச் சொல்லும் யோசனை, மறை விதித்த கழுவாயைச் செய்துவிட்டால் போதும் என்பது. அரசன் ஏற்கவில்லை. கழுவாய் செய்தவனின் மனச்சுமையை இறக்கும். கன்றை இழந்து அலறும் பசுவின் நோய்க்கு அது மருந்தாகுமா என்பதே அவனுடைய கேள்வி. அதன் பிறகு அவன் மகனுக்குத் தந்த தண்டனையை நான் வழிகாட்டியாகக் கொள்ளவில்லை. ஓர் உயிருக்கு இன்னோர் உயிரை எடுப்பது ஈடும் ஆகாது, யாரையும் தேற்றவும் தேற்றாது. ஆனால் அமைச்சர்களின் யோசனையை அவன் தள்ளிய இடம் மறக்கக் கூடாதது. செய்தவரின் வருத்தம், அவர் போட்ட கும்பிடு, அவர் சாமிக்குச் செலுத்திய காணிக்கை இவையெல்லாம் செய்தவரின் பக்கத்திலேயே நின்றுவிடுகின்றன. பாதிக்கப்பட்டவரின் பக்கத்துக்கு ஏதாவது வந்து சேர்ந்தால்தான் நியாயம் தொடங்கியதாக அர்த்தம்.

இதையே உணர்ச்சிக்கு இடமில்லாத சட்ட மொழியில் சொன்னது மெஜல்லே. 1869க்கும் 1876க்கும் இடையில், இஸ்லாமியச் சட்டத்தின் ஹனஃபி மரபை ஒட்டி ஒட்டோமன் பேரரசில் தொகுக்கப்பட்ட உரிமையியல் சட்டத் தொகுப்பு அது. தன் செயலால் நேரடியாகச் சேதம் உண்டாக்கியவர், வேண்டுமென்று செய்யாவிட்டாலும் ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் என்கிறது அதன் 92ஆம் விதி. நோக்கம் இல்லாதது தண்டனையிலிருந்து காப்பாற்றும், ஈட்டிலிருந்து காப்பாற்றாது. இந்தியச் சட்டமும் ஏறத்தாழ இப்படித்தான் பிரிக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவில் சொல்லப்படும் சொத்துச் சேதக் குற்றத்துக்கு, சேதம் விளைவிக்கும் எண்ணமோ சேதம் விளையும் என்ற அறிவோ இருந்தாக வேண்டும். கவனக்குறைவாக ரிவர்ஸ் எடுத்துத் தட்டியது அந்தக் குற்றத்தில் வராது. ஆனாலும் கவனக்குறைவுக்கு உரிமையியல் பொறுப்பு உண்டு. ஆகவே போலீஸில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டிப் பணம் வாங்குவது அறத்துக்கும் பொருந்தாது, சட்டத்தின் போக்குக்கும் பொருந்தாது. இடித்தவருடைய காரில் இரவோடு இரவாகச் சாவியால் கோடு போடுவதை மெஜல்லே 921ஆம் விதியில் நேராகவே மறுக்கிறது. அநீதி இழைக்கப்பட்டவருக்கு அநீதி இழைக்கும் உரிமை வந்துவிடாது. இருவர் மாறி மாறி ஒருவர் பொருளை ஒருவர் அழித்தால் இருவருமே ஈடு கொடுக்க வேண்டும்.

மௌனம் மன்னிப்பு ஆகாது என்பதை யூத மரபு வற்புறுத்தும் விதம் நம் கவனத்துக்கு உரியது. அயலானைத் தன்னைப் போல நேசிக்கச் சொல்லும் வசனம் எல்லோருக்கும் தெரியும். லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் அதற்கு முந்தைய வசனம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே, அவன் தவறை அவனிடமே எடுத்துச் சொல் என்பது அதன் கருத்து. நேசத்துக்கு முன்னால் நேருக்கு நேர் பேச்சு வருகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் தம் சட்டத் தொகுப்பான மிஷ்னே தோராவில் இதை விரித்து, ஒருவர் உனக்குத் தீங்கு செய்தால் வாய் மூடி மனத்துக்குள் வெறுக்காதே, ஏன் இப்படிச் செய்தாய் என்று அவரிடமே கேள் என்று விதியாக்கினார். பாதிக்கப்பட்டவர் கேட்டு, எதிரில் இருப்பவர் மன்னிப்புக் கோரினால் மன்னிக்க வேண்டும், கல் நெஞ்சோடு நிற்கக் கூடாது என்றும் சேர்த்தார். இயேசுவும் மத்தேயு 18ஆம் அதிகாரத்தில், குற்றம் செய்த சகோதரனிடம் தனியாகப் போய்ப் பேசுவதையே முதல் படியாக வைக்கிறார். அங்கியைக் கேட்டு வழக்காடுபவனுக்கு மேலாடையையும் கொடுத்துவிடச் சொன்னவரும் அவர்தானே என்று கேட்கலாம். சொன்னார். ஆனால் அதைச் சொன்ன மத்தேயு ஐந்தாம் அதிகாரத்திலேயே, பலிபீடத்தில் காணிக்கை வைக்க வந்தவனுக்குத் தன் சகோதரனுக்குத் தன் மேல் குறை உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொன்னவரும் அவர்தான். அந்தக் குறை இருப்பதே அவனுக்குத் தெரியாமல் போனால் அவன் எப்படிப் போவான்? இருட்டில் பம்பர் பட்டதை உணராமலே போனவரிடம் நாம் சொல்லாமல் மறைத்தால், தன் கடமையைச் செய்யும் வாய்ப்பை அவரிடமிருந்து எடுத்துவிடுகிறோம். அதைப் பெருந்தன்மை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

சைவ மரபில் இதைவிடத் துணிவான காட்சி ஒன்று உண்டு. சுந்தரரின் திருமணப் பந்தலுக்குக் கிழ வேதியர் வடிவில் வந்து, இவன் எனக்கு அடிமை என்று உரிமை கேட்டவர் இறைவனே. சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தபோது அவர் சினந்து சபிக்கவில்லை, போகட்டும் என்று திரும்பவும் இல்லை. வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குக் கொண்டுபோனார், மூல ஓலையைக் காட்டினார், கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க விட்டார், அவையின் தீர்ப்பைப் பெற்றார். தனக்கு உரியதைச் சான்றோடு, பலர் அறிய, முறைப்படி கேட்பது கேவலமான காரியமாக இருந்தால், அடியார்கள் தம் இறைவனை இப்படி நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த வழக்கின் முடிவில் பகை பிறக்கவில்லை, சுந்தரரின் தேவாரம் பிறந்தது.

இதே பெரியபுராணத்திலிருந்து எனக்கு எதிராக ஒரு சான்றையும் காட்டலாம். திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனார், அடியார் வேடத்தில் வந்து தன்னைக் குத்திய முத்தநாதனைத் தண்டிக்க விடவில்லை. மெய்க்காவலன் தத்தனிடம் சொல்லி, பத்திரமாக ஊர் எல்லை தாண்டவும் வைத்தார். உயிரையே விட்டவர் முன்னால் ஒரு டேங்க் நசுங்கியது எம்மாத்திரம்? இது கனமான கேள்விதான். ஆனால் நாயனார் விட்டது தன் உயிரை, தனக்கு மட்டுமே உரிய ஒன்றை. அதை விடும்போதும் வாய் மூடியிருக்கவில்லை; என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாக ஆணையிட்டார். அரசனாக இருந்து, தண்டிக்கும் வல்லமை கையில் இருக்கும்போது விட்டார். தெருவில் சாய்ந்து கிடக்கும் மோட்டார் சைக்கிள் பல வீடுகளில் அப்படி ஒருவருக்கு மட்டும் உரியது இல்லை. மாதத் தவணை கட்டி முடியாத வண்டி அது. அதில்தான் ஒருவர் உணவு டெலிவரிக்குப் போகிறார், அதில்தான் பிள்ளையைப் பள்ளியில் விடுகிறார், அதில்தான் அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறார். ஃபோர்க் வளைந்து வண்டி நான்கு நாள் மெக்கானிக்கிடம் நின்றால் நான்கு நாள் வருமானம் நிற்கும். தன் பங்கை விட்டுக்கொடுக்க ஒருவருக்கு உரிமை உண்டு. குடும்பத்தின் பங்கையும் தானே விட்டுக்கொடுத்துவிட்டுப் புண்ணியத்தை மட்டும் தன் கணக்கில் எழுதிக்கொள்ள உரிமை இல்லை.

பொறுத்துப் போ என்ற அறிவுரை யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதை நாம் இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும். வாடகைக்கு இருப்பவரின் பைக்கை வீட்டுச் சொந்தக்காரரின் மகன் தட்டிவிட்டால், வாடகைக்காரரிடம்தான் பொறுமை போதிக்கப்படும். சொந்தக்காரரின் காரில் வாடகைக்காரரின் ஹேண்டில்பார் உரசிக் கோடு விழுந்தால், மறுநாளே முன்பணத்தில் கழித்துக்கொள்வதாகச் சொல்வார்கள். அப்போது பொறுமையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். காவலாளியின் பழைய மொபட்டை அபார்ட்மெண்டில் ஒருவர் இடித்தாலும் இதே நிலைதான். சாதியில், பணத்தில், செல்வாக்கில் கீழே நிற்பவரிடம் மட்டும் கேட்கப்படும் பொறுமையை அறம் என்று அழைப்பதற்கு நான் உடன்பட மாட்டேன். எல்லோரும் கேட்கலாம், எல்லோரும் கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் ஒரு தெருவில் நிலைத்தால்தான், அந்தத் தெருவில் யாராவது விட்டுக்கொடுக்கும்போது அது தானாக மனம் வந்து செய்ததாக இருக்கும். கேட்கவே முடியாதவரின் மௌனத்தை நாம் பொறுமை என்று புகழ்வது அவர்மேல் இரண்டாவது முறை வண்டியை ஏற்றுவதற்குச் சமம்.

கேட்பது சரி என்றதால் எதைக் கேட்டாலும் சரி என்று ஆகிவிடாது. பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் பாவா கம்மா என்ற பகுதியின் மூன்றாம் அதிகாரம், பொது வழியில் ஒருவர் குடத்தை வைத்துவிட்டுப் போக, இன்னொருவர் இடறி அதை உடைத்தால், உடைத்தவர் ஈடு தர வேண்டியதில்லை என்று தொடங்குகிறது. ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட இந்த விதி, கேட்டை மறித்தும் திருப்பத்தில் நீட்டியும் நிறுத்தப்படும் வண்டிகளுக்கு நேராகப் பொருந்தும். நாம் நிறுத்திய இடமே தவறு என்றால், நம் பங்குத் தவறைக் கழித்துவிட்டுத்தான் மீதியைக் கேட்க வேண்டும். ஏற்கெனவே கீறலாக இருந்த சைலன்சரை இந்தச் சாக்கில் மாற்றிக்கொள்வது, இடது பக்கம் விழுந்த வண்டிக்கு வலது பக்கத்துக்கும் பெயிண்டிங் செலவு கேட்பது, மெக்கானிக்கிடம் எஸ்டிமேட்டைக் கூட்டி எழுதச் சொல்வது, இவையெல்லாம் நஷ்டத்தை லாபமாக்கும் வேலை. டிங்கரிங்கில் சரியாகிற டேங்குக்குப் புது டேங்க் விலை கேட்கக் கூடாது. ஐந்து வருடம் ஓடிய பாகத்துக்குப் பதில் புதிய பாகம் போடத்தான் வேண்டும் என்றால், விலையில் ஒரு பகுதியை நாம் ஏற்பது நேர்மை. இப்படி அளவோடு கேட்பவரைப் பேராசைக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது.

இன்சூரன்ஸ் இருக்கும்போது மனிதர்களுக்கிடையே இந்தப் பேச்சு எதற்கு என்பது இன்றைய காலத்தின் எதிர்வாதம். நடைமுறையில் அது பாதிதான் உதவும். மோட்டார் வாகனச் சட்டம் 1988 கட்டாயமாக்குவது மூன்றாம் தரப்புக் காப்பீட்டை மட்டுமே. அந்தப் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்குத் தன் வண்டியின் சேதத்துக்குத் தன் நிறுவனத்திடமிருந்து ஒன்றும் கிடைக்காது. முழு பாலிசி வைத்திருப்பவர் கிளெய்ம் செய்தால், வருடக்கணக்காகச் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் அடுத்த புதுப்பிப்பில் போய்விடும். பிறர் செய்த சேதத்துக்குத் தன் தள்ளுபடியை இழப்பதும் ஒரு நஷ்டமே. இடித்தவரின் மூன்றாம் தரப்புக் காப்பீட்டிலிருந்து பெறும் வழியும் சட்டத்தில் உண்டு. ஆனால் ஒரு லீவருக்கும் கண்ணாடிக்கும் தீர்ப்பாயத்தின் படியேறுவது யாருக்கும் கட்டுப்படியாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுவனம் பணம் கொடுக்கும். என்னால் உங்களுக்குச் சிரமம் என்று இடித்தவர் சொல்ல வேண்டிய சொல்லை அது கொடுக்க முடியாது. பாவா கம்மாவின் எட்டாம் அதிகாரம் இதையும் யோசித்திருக்கிறது. ஈட்டை முழுதாகக் கொடுத்த பிறகும், பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்காதவரை கணக்குத் தீரவில்லை என்கிறது அது.

இனி, விட்டுக்கொடுத்தல். அதன் உயர்வை நான் குறைக்கவில்லை. அதற்கு உரிய இடத்தைச் சொல்கிறேன். குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 280ஆம் வசனம், கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. தர்மமாக விட்டுவிடுவது அதைவிட நல்லது என்கிறது. 42ஆம் அத்தியாயத்தின் 40ஆம் வசனம், தீங்குக்கு அதே அளவு பதிலை அனுமதித்துவிட்டு, மன்னித்து இணக்கம் செய்பவருக்கு இறைவனிடம் கூலி உண்டு என்கிறது. இரண்டு இடத்திலும் வரிசை ஒன்றே: முதலில் பாக்கி உண்டு என்பது நிலைபெறுகிறது, பிறகுதான் விடுதல் வருகிறது. பெயர் சொல்லப்படாத கடனை யாரும் தள்ளுபடி செய்ய முடியாது. இடித்தவர் மாதக் கடைசியில் திண்டாடுபவர் என்று தெரிந்தால் தவணையில் வாங்கலாம், பாதி வாங்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். அவர் முகத்தைப் பார்த்து, இவ்வளவு ஆகிறது, நீங்கள் தர வேண்டாம் என்று சொல்லும்போது அவருக்கு நாம் எதை விட்டுக்கொடுத்தோம் என்று தெரியும். அது தெரிந்த மனிதர் அடுத்த முறை ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியைப் பார்ப்பார்.

கேட்டால் உறவு கெடும் என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. சில சமயம் கெடும்; அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் எஸ்டிமேட்டையும் போட்டோவையும் கையில் வைத்துக்கொண்டு, வாட்ஸ்ஆப் குழுவில் போடாமல், கோபம் ஆறிய பிறகு தனியாகப் போய்க் கேட்டதற்காக ஓர் உறவு முறிகிறது என்றால், அதுவரை அது நம் மௌனத்தின் செலவில் ஓடிய உறவு. கேட்காமல் விட்ட உறவும் பல சமயம் கெட்டுத்தான் போகிறது. கெடுவதற்கு இரண்டு வருடம் எடுத்துக்கொள்கிறது, காரணம் எதிரில் இருப்பவருக்குக் கடைசிவரை தெரிவதில்லை.

வண்டி உங்களுடையது என்றால் போய்க் கேளுங்கள். உடைந்ததற்கு மேல் ஒரு ரூபாயும் கேட்காதீர்கள். இடித்தவர் நீங்கள் என்றால் அவர் வந்து கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, இரவானாலும் பரவாயில்லை, கதவைத் தட்டி நீங்களே சொல்லுங்கள். மெக்கானிக்கிடம் காலையில் நீங்களும் கூடப் போங்கள்.